பழைய ட்ரெயிலர் வாங்கும் முன்: ஓனர் ஒப்பரேட்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

ரொறன்ரோ, பிரம்ரன், மிசிசாகா, ஏஜாக்ஸ் பகுதிகளில் சொந்த ட்ரக் ஓடும், ஓடத் தயாராகும் தமிழ்ச் சாரதிகளுக்கு,

53 அடிப் பழைய ட்ரெயிலர் ஒன்றில் இரண்டு வகைக் குறைகள் இருக்கும். டயர், பிரேக் லைனிங், விளக்கு, மட்கார்ட், எயார் பாக் எல்லாம் தேயும், உடையும். காசு கொடுத்து மாற்றலாம். விலை பேசும்போது அந்தச் செலவைக் கழித்துக் கேட்கலாம். ஆனால் கிங்பின்னைத் தாங்கும் கப்ளர், தரையைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள், ஸ்லைடர் சட்டம், பின்பக்கச் சட்டகம் ஆகியவை உக்கிப்போனால் திருத்தும் செலவு சில வேளைகளில் ட்ரெயிலரின் விலையையே எட்டிவிடும். முதன்முறை வாங்குபவர்கள் பெரும்பாலும் முதல் வகையைப் பார்த்துப் பயப்படுகிறார்கள்; இரண்டாவது வகையைப் பார்க்கக் குனிவதே இல்லை. அதனால்தான் புது டயரும் புது வெள்ளைப் பெயின்ற்றும் போட்ட, அடி உக்கிய ட்ரெயிலர் விரைவில் விலைபோகிறது; டயர் தேய்ந்த, அடி உறுதியான ட்ரெயிலர் யார்ட்டிலேயே நிற்கிறது. சேர்த்த காசையும் குடும்பத்தின் பேரில் எடுத்த கடனையும் போட்டு வாங்குபவர்கள் இரண்டாவது வகையிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே இம்மடலின் வேண்டுகோள்.

அதற்கும் முன் தீர்க்க வேண்டியது, சொந்த ட்ரெயிலர் தேவையா என்பது. ஒரு கொம்பனியோடு ஒப்பந்தம் செய்து ட்ரக்கை மட்டும் ஓடவிடுபவருக்குக் கொம்பனியே ட்ரெயிலர் தரும். டயர் வெடித்தாலும் தரை உடைந்தாலும் பொதுவாக அந்தச் செலவு கொம்பனியைச் சேரும். பெரிய களஞ்சியங்களில், ஏற்கெனவே லோட் ஏற்றி வைத்த ட்ரெயிலரைக் கொளுவிக்கொண்டு போய் வெறும் ட்ரெயிலரை அங்கே விட்டுவரும் வேலையே அதிகம். அந்த வேலைக்குச் சொந்த ட்ரெயிலர் உதவாது. சொந்த அனுமதிப் பதிவோடு புரோக்கர்களிடம் நேரடியாக லோட் எடுப்பவருக்கும், ட்ரெயிலரோடு வந்தால் கூடுதல் பங்கு தரும் கொம்பனியில் ஓடுபவருக்கும் அது வருமானம் தரும். அந்தக் கூடுதல் பங்கு எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கி, அதிலிருந்து காப்புறுதி, ஆண்டுப் பரிசோதனை, எட்டு டயரின் தேய்மானம், யார்ட் வாடகை ஆகியவற்றைக் கழித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். யார்ட் வாடகையைச் சிறிதாக நினைக்கக்கூடாது. பிரம்ரன், கலிடன் பக்கத்தில் அனுமதியில்லாத யார்டுகள் மீது நகரசபைகள் நடவடிக்கை எடுக்கின்றன. அனுமதியுள்ள இடம் கிடைப்பது கஷ்டம்.

வகையைத் தெரிவுசெய்வதில் முதன்முறை வாங்குபவருக்கு ஏற்றது ட்ரை வான்தான். அதில் இயந்திரம் இல்லை, பழுதாகும் பொருட்கள் குறைவு, விற்பதும் எளிது. ரீஃபர் வாங்குபவர் இன்னொரு டீசல் எஞ்சினையும் சேர்த்தே வாங்குகிறார். பிளாட்பெட்டுக்குத் தார்ப்பாய், சங்கிலி, பட்டி எல்லாம் தனிச் செலவு. அந்த வேலை பழகியவர்களுக்கே அது சரி.

அச்சுகளின் எண்ணிக்கையிலும் கவனம் வேண்டும். அமெரிக்க இன்டர்ஸ்டேட் சாலைகளில் ட்ரக்கும் ட்ரெயிலரும் லோட்டும் சேர்ந்து 80,000 இறாத்தல், ட்ரெயிலரின் இரட்டை அச்சில் 34,000 இறாத்தல் என்பது பொதுவான உச்சவரம்பு. எல்லை தாண்டி ஓடுபவருக்கு இரட்டை அச்சு போதும். ஒன்ராறியோவுக்குள் மூன்று, நான்கு அச்சு ட்ரெயிலர்கள் இதைவிட அதிக பாரம் ஏற்றலாம். ஆனால் 2005ஆம் ஆண்டின் 413ஆம் இலக்க ஒழுங்குவிதி, அச்சுகளின் இடைவெளி, தூக்கும் அச்சு, தானாகத் திரும்பும் அச்சு ஆகியவற்றுக்குக் கண்டிப்பான அளவுகளை வைத்திருக்கிறது. அந்த விதிக்கு முந்திய வடிவில் செய்த ட்ரெயிலர் மலிவாகக் கிடைத்தால், அது ஏன் மலிவு என்பதை முதலில் கேட்க வேண்டும். முழுப் பாரம் ஏற்ற முடியாத மூன்றாவது அச்சு வெறும் சுமை. லோட் இல்லாத வெறும் எடையையும் கவனிக்க வேண்டும். 53 அடி ட்ரை வான் பொதுவாக 13,500 முதல் 15,000 இறாத்தல் வரை இருக்கும். அதில் கூடும் ஒவ்வொரு இறாத்தலும் லோட்டில் குறையும்.

ஒன்ராறியோவில் ஓடிய ட்ரெயிலரின் வயதை, அது கண்ட குளிர்காலங்களை வைத்துக் கணக்கிடுவதே சரி. 401 நெடுஞ்சாலையில் உப்போடு குளோரைட்டுக் கரைசல்களும் தெளிக்கப்படுகின்றன. திரவமாக இருப்பதால் அவை இரும்புப் பொருத்துகளின் இடுக்குகளுக்குள் ஏறி, காய்ந்து, ஈரப்பதம் வந்ததும் மீண்டும் வேலை செய்யத் தொடங்கும். துருவுக்கு அது தின்ற இரும்பைவிட அதிக இடம் வேண்டும். ஆகவே இரண்டு தகடுகளுக்கு நடுவே துரு ஏறினால் தகடுகளைப் பிரித்துத் தள்ளும், ஆணியை அறுக்கும். அலுமினியமும் இரும்பும் தொடும் இடத்தில் உப்பு நீர் பட்டால் அலுமினியமே முதலில் கரையும். வெள்ளைப் பொடியும் கொப்புளமும் அதன் அடையாளம். ரெக்சஸ், அரிசோனா பக்கம் ஓடிய ட்ரெயிலருக்கு இந்த நோய் குறைவு. அங்கே வெயில் டயரையும் கதவு ரப்பரையும் வெடிக்க வைக்கும், அவையோ மாற்றக்கூடியவை.

பார்வையைத் தொடங்க வேண்டிய இடம் கப்ளர். ட்ரக்கைக் கழற்றி, லாண்டிங் கியரில் நிறுத்தி, முன்பக்கத்துக்குக் கீழே உறுதியான முட்டுக் கொடுத்த பிறகே உள்ளே போக வேண்டும்; பழைய லாண்டிங் கியரை நம்பி எவரும் அதன் கீழ் படுக்கக்கூடாது. கப்ளர் தட்டில் அப்பியிருக்கும் கிறீஸைத் துணியால் நன்றாகத் துடைத்தால்தான் வெடிப்புத் தெரியும். கிங்பின்னைச் சுற்றியுள்ள வெல்டிங்கையும், தட்டின் ஓரங்களையும், தட்டு பக்கச் சட்டத்தோடு சேரும் இடத்தையும் டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். நேரான இரும்புச் சட்டமொன்றைத் தட்டில் வைத்தால் அது வளைந்திருப்பது உடனே தெரியும். கிங்பின்னின் விட்டம் 2 அங்குலம். தேய்மானத்தை அளக்கும் சிறு அளவுகோல் எந்த ட்ரெயிலர் கராஜிலும் இருக்கும். ஓர் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு தேய்ந்தால் அதன் காலம் முடிந்தது. கிங்பின் வெப்பப் பதம் ஏற்றிய உருக்கு. தேய்ந்த இடத்தில் வெல்டிங் போட்டு நிரப்பியிருந்தால் அது திருத்தம் அல்ல, ஆபத்து. அப்படி ஒன்றைக் கண்டால் அந்த ட்ரெயிலரை அங்கேயே விட்டுவிட வேண்டும்.

பெரிய கேடு தட்டின் மேல்பக்கத்தில் ஒளிந்திருக்கும். தட்டுக்கும் மேலேயுள்ள மரத் தரைக்கும் நடுவே உருக்குச் சட்டங்களால் ஆன ஒரு வெற்றிடம் உண்டு. முன்பக்கச் சுவரின் அடியிலும் தரையின் இடைவெளிகளிலும் கசியும் உப்பு நீர் அங்கே தேங்கும். வெளியிலிருந்து பார்த்தால் கப்ளர் கறுப்பாக, முழுமையாகத் தெரியும். உள்ளே சட்டங்கள் தகடு தகடாக உரிந்துகொண்டிருக்கும். பல ட்ரெயிலர்களில் இதைப் பார்ப்பதற்கென்றே தட்டில் துளைகள் இருக்கின்றன. கைபேசியில் பொருத்தும் சிறு பாம்புக் கமெராவை அதற்குள் விட்டுப் பார்க்கலாம். அதன் விலை ஒரு தடவை டீசல் அடிக்கும் செலவுக்குப் பக்கத்திலும் வராது. கமெரா இல்லாவிட்டால் சுத்தியல் போதும். உறுதியான இரும்பு தட்டினால் கணீரென்று கேட்கும். உக்கியது சப்பென்று அடங்கும், கூடவே துளை வழியே துருச் செதில்கள் கொட்டும். ஒரு கை நிறையச் செதில் கொட்டினால் விலை பேச எதுவும் இல்லை. இந்தக் கப்ளர்தான் 80,000 இறாத்தல் வண்டியை நெடுஞ்சாலையில் ஒன்றாகப் பிடித்து வைத்திருக்கிறது.

அடுத்தது குறுக்குச் சட்டங்கள். ட்ரை வானின் தரைக்கு அடியில், பொதுவாக ஓர் அடிக்கு ஒன்றாக, ஐ வடிவ உருக்குச் சட்டங்கள் இரு பக்கச் சட்டங்களுக்கும் இடையே ஓடும். அவை முதலில் உக்குவது முனைகளில். டயர் வாரி அடிக்கும் உப்பு நீர் படுவதால், சக்கரங்களுக்கு மேலுள்ள பகுதியில் நிலைமை மோசமாக இருக்கும். வளைந்த சட்டம், ஒரு பக்கம் தொங்கும் சட்டம், புதிதாகத் தார்க் கறுப்பு அடித்த சட்டம் ஆகியவற்றை எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்றிரண்டை மாற்றலாம். வரிசையாகப் பத்தைக் கண்டால் மீதியும் அதே வயதுதான். ட்ரெயிலரின் அடி மட்டும் அண்மையில் பெயின்ற் செய்யப்பட்டிருந்தால், அடித்தவரிடம் காரணம் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தரை பெரும்பாலும் ஓக் போன்ற கடின மரத்துண்டுகளை ஒட்டிச் செய்த பலகை. சுமார் 35 மில்லிமீற்றர் தடிப்பு. லோட் ஏற்றிய ஃபோர்க்லிஃப்ட் டொக்கிலிருந்து உள்ளே இறங்கும்போது அதன் முன்சக்கரங்கள் அழுத்தும் இடம் பின்வாசல். ஆகவே கடைசிச் சில அடிகளே முதலில் போகும். ஒட்டுப் பலகை, தகடு அடித்த இடம், கால் வைத்தால் அமுங்கும் இடம் எல்லாம் அங்கே தெரியும். அடியிலிருந்து பார்க்கும்போது மரம் கறுத்திருந்தால் கத்தி முனையால் குத்திப் பார்க்க வேண்டும். முனை இலகுவாக இறங்கினால் அந்தப் பலகை முடிந்தது.

கூரையையும் சுவரையும் சோதிக்கும் வழி இதைவிடச் சுலபம். வெயில் நேரத்தில் ஒருவர் உள்ளே நிற்க, வெளியே நிற்பவர் கதவுகளைச் சாத்த வேண்டும். உள்ளே நிற்பவர் நம்பிக்கையான ஆளையே வெளியே வைக்க வேண்டும், ஏனென்றால் அந்தக் கதவு உள்ளிருந்து திறக்காது. கண் இருட்டுக்குப் பழகச் சற்றுப் பொறுத்தால் ஓட்டைகள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கும்: கூரை மூலையில் மரக்கிளை கிழித்த கீறல், சுவரில் ஆணி விழுந்த துளை, தரையில் திருகு கழன்ற இடம், கதவு ரப்பரின் ஓரத்தில் கோடாக வரும் வெளிச்சம். ஒளி வரும் வழியே மழையும் வரும். நனைந்த லோட்டைப் பெறுபவர் திருப்பி அனுப்பினால், அந்த ஒரு இழப்பே ட்ரெயிலரில் மிச்சம் பிடித்த காசைத் தின்றுவிடும். கூரை ஒளி ஊடுருவும் ஃபைபர் வகையானால் இந்தச் சோதனை கூரைக்கு உதவாது. மழை பெய்த மறுநாள் உள்ளே போய் ஈரக் கறையைத் தேட வேண்டும்.

பின்பக்கச் சட்டகம் சதுரமாக இருக்கிறதா என்று பார்க்க, கதவு வாசலின் மூலைக்கு மூலை இரு குறுக்களவுகளை எடுத்து ஒப்பிடலாம். அளவுகள் வேறுபட்டால் ட்ரெயிலர் எங்கோ மோதியிருக்கிறது, அல்லது முறுக்கியிருக்கிறது. கதவைத் தோள் கொடுத்துத் தள்ளித்தான் பூட்ட முடிகிறதென்றாலும் அதே சந்தேகம் எழ வேண்டும். பின்பக்கச் சட்டகத்தின் கீழே தொங்கும் தடுப்புச் சட்டம், பின்னால் வந்து மோதும் கார் ட்ரெயிலருக்கு அடியில் புகுந்துவிடாமல் தடுப்பதற்கு இருப்பது. அது உக்கியிருந்தால் ஓர் உயிர் போகும். 2007 செப்டெம்பர் முதல் செய்யப்பட்ட ட்ரெயிலர்களுக்கு இந்தத் தடுப்புச் சட்டத்தில் கனடா கூடுதல் பலம் கேட்கிறது. வாங்கும் ட்ரெயிலர் அந்தத் தரத்தில் உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

ஸ்லைடர், அதாவது பின் அச்சுகளை முன்னும் பின்னும் நகர்த்தும் அமைப்பு, வாங்கும் நாளிலேயே நகர்த்திப் பார்க்கப்பட வேண்டும். துருப்பிடித்து இறுகிய ஸ்லைடரை வைத்துக்கொண்டு ஸ்கேலில் அச்சு எடையைச் சரிசெய்ய முடியாது. நான்கு பூட்டு ஊசிகளும் முழுதாக வெளியே வருகின்றனவா, அவை நுழையும் துளைகள் வட்டமாக இருக்கின்றனவா அல்லது நீண்டுவிட்டனவா என்பதைப் பார்க்க வேண்டும். கலிபோர்னியாவில் இரட்டை அச்சு ட்ரெயிலரின் கிங்பின்னிலிருந்து கடைசி அச்சு வரை 40 அடிக்கு மேல் போகக்கூடாது. அந்தப் பக்கம் ஓடுபவருக்கு அவ்வளவு முன்னே நகரும் ஸ்லைடர் அவசியம். கிங்பின்னிலிருந்து முன் அச்சின் இடது, வலது முனைகளுக்கு உள்ள தூரத்தையும் அளக்க வேண்டும். எட்டில் ஓர் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ட்ரெயிலர் ஒரு பக்கமாகச் சாய்ந்தே ஓடும். டயரையும் டீசலையும் தின்னும். ஒரே பக்கத்து டயர்களின் ஓரம் மட்டும் தேய்ந்திருப்பதும் அதைத்தான் காட்டும்.

டயர், பிரேக், விளக்கு ஆகியவை இங்கே கடைசியாக வருகின்றன. முக்கியமில்லை என்பதால் அல்ல, சரிசெய்யக்கூடியவை என்பதால். டயரின் பக்கச் சுவரில் உள்ள குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் அதன் பிறந்த தேதி. 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பட்டன் ஆழமாக இருந்தாலும் பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்பு ஓடும் முதிய டயர் கோடை நெடுஞ்சாலையில் நிலைக்காது. அமெரிக்க விதிப்படி ட்ரெயிலர் டயரின் பட்டன் ஆழம் 2/32 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. மறுபட்டன் போட்ட டயர் ட்ரெயிலருக்கு வழமைதான், அதைக் கண்டு பின்வாங்க வேண்டியதில்லை.

பிரேக்கைப் பார்க்க ட்ரக்கைக் கொளுவி, 90 முதல் 100 பிஎஸ்ஐ அழுத்தத்தில் பிரேக்கைப் பிடித்து, பிரேக் அறையிலிருந்து தண்டு வெளியே வரும் தூரத்தை அளக்க வேண்டும். சாதாரண 30ஆம் அளவு அறைக்கு எல்லை 2 அங்குலம், நீள்தண்டு வகைக்கு இரண்டரை அங்குலம். நீள்தண்டு வகையைக் காற்றுக் குழாய் நுழையும் இடத்தின் சதுர வடிவம் காட்டிக்கொடுக்கும். லைனிங் கால் அங்குலத்துக்குக் குறைந்தால் ட்ரெயிலர் சாலையில் இறங்கக்கூடாது. லைனிங் தடிப்பாக இருந்தும் ஷூவிலிருந்து மேலெழும்பி வெடித்திருந்தால், அடியில் உப்புத் துரு ஏறியிருக்கிறது. மூடியில் எண்ணெய் கசிந்த ஹப், உள்ளே ஈரம் படிந்த டிரம் ஆகியவை உடனடி வேலை. 1998 மார்ச் 1 முதல் செய்யப்பட்ட எயார் பிரேக் ட்ரெயிலர்களுக்கு அமெரிக்காவில் ஏபிஎஸ் கட்டாயம். இடது பின்பக்கத்தில் உள்ள அதன் மஞ்சள் விளக்கு, மின்சாரம் கொடுத்ததும் எரிந்து பின் அணைய வேண்டும். எரியாமலே இருப்பதும் அணையாமலே எரிவதும் இரண்டும் பிழை. எரியாத விளக்கின் பல்பு எவராலாவது கழற்றப்பட்டிருக்கவும் கூடும். முன்பக்க ஏழுமுனைச் சொக்கற்றைத் திறந்து உள்ளே பச்சைப் பூஞ்சணம் போன்ற துரு இருந்தால் வயரிங் முழுவதையும் சந்தேகிக்க வேண்டும்.

ரீஃபர் எடுப்பவருக்கு மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் மேலதிகமாகச் சில. குளிரூட்டும் கருவியின் மணிக்கணக்கில் எஞ்சின் ஓடிய மணியும் சுவிட்ச் போட்டிருந்த மணியும் வேறு வேறு. இரண்டையும் குறிக்க வேண்டும். வெறும் ட்ரெயிலரில் உறைநிலைக்குக் கீழே வெப்பநிலையைக் குறிப்பிட்டு, அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரம் எடுக்கிறது, சேர்ந்தபின் நிலைத்து நிற்கிறதா என்று காத்திருந்து பார்க்க வேண்டும். அவசரப்படுத்தும் விற்பனையாளர் இந்தச் சோதனைக்கு இணங்கமாட்டார். சுவருக்குள் உள்ள நுரையில் தண்ணீர் ஏறினால் குளிர் காக்காது, எடையும் கூடும்; ஆகவே பழைய ரீஃபரை ஸ்கேலில் நிறுத்தித் தயாரிப்பாளர் சொல்லும் வெறும் எடையோடு ஒப்பிட வேண்டும். கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கிலிருந்து கீரையும் கோவாவும் ஏற்றி ரொறன்ரோவின் ஒன்ராறியோ ஃபூட் டெர்மினலுக்கு வரும் கனவு பலருக்கு உண்டு. அந்தக் கனவுக்குக் கலிபோர்னியாவின் காற்று வள வாரியம் இரண்டு நிபந்தனைகள் வைக்கிறது. எங்கே பதிவு செய்யப்பட்டதாயினும், அந்த மாநிலத்துக்குள் ஓடும் ரீஃபர் எஞ்சின் ஏழு ஆண்டு தாண்டினால் கூடுதல் மாசுக் கட்டுப்பாட்டுத் தரத்தை எட்ட வேண்டும். 53 அடிப் பெட்டி ட்ரெயிலர்கள், விதிவிலக்கு இருந்தாலொழிய, காற்றுத் தடையைக் குறைக்கும் பக்கத் திரை போன்ற அமைப்பும் உருளும் தடை குறைந்த டயரும் கொண்டிருக்க வேண்டும். பத்து வயது ரீஃபரின் விலையில் இந்த இரண்டையும் சேர்க்காமல் கணக்குப் போட முடியாது.

பொருள் திருப்தியானால் காகிதம். 17 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட வாகன அடையாள எண், ட்ரெயிலரின் தகட்டிலும் உரிமைப் பத்திரத்திலும் ஒவ்வோர் எழுத்தாக ஒத்துப்போக வேண்டும். பத்தாவது இடம் மாதிரி ஆண்டைச் சொல்லும்: 2010க்கு ஏ, 2015க்கு எஃப், 2020க்கு எல். தகட்டின் ஆணிகள் புதிதாக, சுற்றியுள்ள பெயின்ற் கீறியதாக இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். பீல் பிராந்தியத்தில் ட்ரக், ட்ரெயிலர் திருட்டு பெரிய பிரச்சினை. 2023இல் அந்தப் பிராந்தியப் பொலிஸ் இதற்கென ஒரு தனி விசாரணையே நடத்தியது. திருட்டுப் பதிவு உண்டா என்பதைத் கனேடியப் பொலிஸ் தகவல் மையத்தின் பொதுத் தேடலில் எண்ணைக் கொடுத்து எவரும் பார்க்கலாம். பிணை நிலுவை தனி விஷயம். முந்திய உரிமையாளர் கடன் கட்டி முடிக்காவிட்டால் கடன் கொடுத்தவர் ட்ரெயிலரைத் தேடி வரக்கூடும். ஆகவே ஒன்ராறியோவின் சொத்துப் பிணைப் பதிவேட்டில் அடையாள எண்ணாலும், விற்பவரின் சட்டபூர்வப் பெயராலும் தேட வேண்டும். விற்பவர் ஒரு கொம்பனி என்றால் அதன் பதிவுப் பெயரால். நண்பர், ஊரவர், சொந்தக்காரர் என்ற முகத்துக்காக இந்தத் தேடலைக் கைவிட்டவர்கள் பின்னர் காசையும் உறவையும் சேர்த்து இழந்திருக்கிறார்கள். பதிவேட்டுக்குக் கொடுக்கும் சிறு கட்டணம் இரு பக்கத்துக்கும் பாதுகாப்பு.

ஆண்டுப் பரிசோதனைச் சான்றை நம்புவதிலும் அளவு வேண்டும். கனேடிய மாகாணப் பரிசோதனையை அமெரிக்காவும் ஏற்கிறது, அதனால் எல்லை தாண்ட அது போதும். ஆனால் அந்தச் சான்று, பரிசோதித்த நாளில் குறைந்தபட்ச அளவை எட்டியது என்பதற்கு மட்டுமே சாட்சி. கப்ளருக்குள் எவரும் கமெரா விட்டார்கள் என்று அதற்குப் பொருள் இல்லை. விற்பவரோடு தொடர்பில்லாத ட்ரெயிலர் மெக்கானிக் ஒருவருக்குக் காசு கொடுத்துப் பார்ப்பிப்பதே சரி. பராமரிப்புப் பதிவைக் கேட்டதும் எடுத்துத் தரும் பெரிய கொம்பனிகளின் ட்ரெயிலர்கள், பெயின்ற் மங்கியிருந்தாலும், பெரும்பாலும் நல்ல தெரிவு. ஏலத்தில் வாங்குவோர், அங்கே பொருள் உள்ளபடியே விற்கப்படுகிறது, பிறகு முறையிட இடமில்லை என்பதை அறிந்து, ஏலத்துக்கு முந்திய பார்வை நாட்களில் போய் அடியில் படுத்துப் பார்க்க வேண்டும்.

உப்புக் காணாத அமெரிக்க ட்ரெயிலரைக் கொண்டுவரும் யோசனை நல்லதுதான், ஆனால் ஒழுங்கு மாறக்கூடாது. 15 ஆண்டுக்கு உட்பட்ட ட்ரெயிலர் கனேடியப் பாதுகாப்புத் தரத்துக்கு ஏற்றதா என்பதைத் தயாரிப்பாளரிடமும் இறக்குமதி வாகனப் பதிவாளரிடமும் வாங்கும் முன்பே கேட்க வேண்டும்; பின் தடுப்புச் சட்டம் கனேடியத் தரத்தில் இல்லாவிட்டால் அங்கேயே சிக்கும். 15 ஆண்டு கடந்தது அந்த இறக்குமதித் திட்டத்துக்கு வெளியே நிற்கும், ஆனால் ஒன்ராறியோவின் பரிசோதனைக்கு வெளியே அல்ல.

விலை பேசுவதற்கு முன் மாற்றக்கூடிய குறைகளின் பட்டியலை மெக்கானிக்கின் கணக்கோடு எழுதி வைத்தால், பேச்சு குரலை உயர்த்தாமல் முடியும். பதிவு பெற்ற விற்பனையாளரிடம் 13 சதவீத எச்எஸ்டி சேரும்; தொழிலுக்கு எச்எஸ்டி பதிவுள்ளவர் அதைத் திரும்பக் கோரலாம். வருமான வரியில் ட்ரெயிலரின் தேய்மானம் பொதுவாக ஆண்டுக்கு 30 சதவீத வகுப்பில் வரும். வங்கிகள் பழைய ட்ரெயிலருக்குக் கடன் தரத் தயங்கும், தந்தாலும் வட்டி கூடும். வாடகைக்கு எடுத்து ஓடி, கடைசியில் உங்களுக்கே என்று சொல்லும் ஒப்பந்தங்களில் மொத்தமாகச் செலுத்தும் தொகையைக் கூட்டிப் பார்த்த பிறகே கையெழுத்து வைக்க வேண்டும். கையிலுள்ள காசு முழுவதையும் விலைக்கே கொடுத்துவிடக்கூடாது. ஒரு செட் டயருக்கும் ஒரு பிரேக் வேலைக்கும் போதிய தொகை ஒதுக்கப்படாவிட்டால், முதல் பழுதில் ட்ரெயிலர் நிற்கும். ட்ரெயிலர் நின்றால் ட்ரக்கும் நிற்கும்.

காசு கைமாறும் முன் நெடுஞ்சாலையில் ஒரு ஓட்டம் கட்டாயம். நேராக ஓடும்போது கண்ணாடியில் ட்ரெயிலரின் இரு பக்கமும் ஒரே அளவில் தெரிய வேண்டும். திரும்பி வந்து நிறுத்தியதும் ஒவ்வொரு ஹப்பின் சூட்டையும் வெப்பமானியால் அளந்தால், மற்றவற்றைவிட மிகச் சூடானது பேரிங்கோ பிரேக்கோ பிடிப்பதைக் காட்டும். குளிர்ந்தே இருப்பதில் பிரேக் வேலை செய்யவில்லை.

வாங்கிய பிறகு முதல் லோட்டுக்கு முன் சக்கரங்களைக் கழற்றி, பேரிங், சீல், டிரம் மூன்றையும் பார்ப்பித்து, புது எண்ணெய் விட்டுத் தொடங்குவது நல்லது. கழற்றிப் பூட்டிய சக்கரத்தின் நட்டுகளை 80 முதல் 160 கிலோமீற்றர் ஓடியதும் மீண்டும் முறுக்கு அளவுக்கு இறுக்க வேண்டும். ஒன்ராறியோவில் ஓடும் வண்டியிலிருந்து சக்கரம் கழன்றால், கவனமாக இருந்தேன் என்ற வாதம் செல்லாது. அபராதம் 50,000 டொலர் வரை போகலாம். இறுக்கிய தேதியையும் ஓடோமீற்றர் அளவையும் கராஜ் பில்லோடு சேர்த்து ட்ரெயிலரின் கோப்பில் வைக்க வேண்டும். பிறகு எப்போதாவது அதை விற்கும்போது வாங்க வருபவர் கேட்கப்போவதும் அந்தக் கோப்பைத்தான்.